நடுக்கோடும் நடுவரின் விசிலும்

பத்தாம் வகுப்பு மாணவி

கூடைப்பந்து ஆடுகளத்தில் கோடுகளுக்குப் பஞ்சமில்லை. ஓரக்கோடு, முடிவுக்கோடு, தனி எறிக்கோடு, மூன்று புள்ளி வளைகோடு என்று சிமெண்டுத் தரை முழுவதும் வெள்ளை வண்ணம் ஓடிக் கிடக்கிறது. இவற்றுள் மிகுந்த சச்சரவைக் கிளப்பும் கோடு எது என்று எங்களைக் கேட்டால், தயங்காமல் நடுக்கோட்டைத்தான் காட்டுவோம். ஓரக்கோட்டுக்கு வெளியே பந்து போனால் பார்க்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. நடுக்கோட்டைத் தாண்டிப் பந்து பின்னால் வரும்போதோ சில சமயம் விசில் ஒலிக்கிறது; சில சமயம் ஒலிப்பதில்லை. ஏன் இந்த வேறுபாடு? நடுவர் ஓரவஞ்சனை செய்கிறாரா? களத்தைச் சுற்றி நிற்கும் தோழியர் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து பெற்றோர் சிலரும் எண்ணுகிறார்கள் என்பதை மரியாதையுடன் சொல்லிக்கொள்கிறோம்.

எங்கள் பள்ளியில் கீழ் வகுப்புகளின் போட்டிகளுக்குப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களே நடுவர்களாக நிற்பது வழக்கம். உடற்பயிற்சி ஆசிரியை விசிலை எங்கள் கையில் கொடுத்துவிட்டு மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்வார். ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆகவே இந்த ‘பேக் கோர்ட்’ விதியை நாங்கள் வரி வரியாகப் படிக்க வேண்டியதாயிற்று. கோடை விடுமுறையில் சரித்திரப் பாடத்தைக்கூட அவ்வளவு ஊன்றிப் படித்திருக்க மாட்டோம்! படித்தவற்றுள் முக்கியமானவற்றை இங்கே எடுத்துக் கூற முற்படுகிறோம்.

முதலில் களத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பன்னாட்டு விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். நடுக்கோடு அதைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. ஓர் அணி எந்தக் கூடையைக் காக்கிறதோ, அந்தக் கூடை இருக்கும் பாதி அவ்வணியின் பின்களம். எந்தக் கூடையில் பந்தைப் போட முயல்கிறதோ, அந்தப் பாதி அதன் முன்களம். ஆகவே ஒரே இடம் ஓர் அணிக்கு முன்களமாகவும் எதிரணிக்குப் பின்களமாகவும் இருக்கும். “வீடு ஒன்றுதான், மகளுக்குப் பிறந்தகம், மருமகளுக்குப் புகுந்தகம்” என்று எங்கள் தோழி ஒருத்தி இதை விளக்கி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். இடைவேளைக்குப் பின் கூடைகள் மாறும்போது இந்தப் பெயர்களும் இடம் மாறிவிடும்.

சரி, நடுக்கோடு யாருக்குச் சொந்தம்? 5 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த வெள்ளைப் பட்டை முழுவதும், பந்தை வைத்திருக்கும் அணியின் பின்களத்தைச் சேர்ந்தது. கோட்டை மிதித்தவள் பின்களத்தை மிதித்தவளே. குதிகாலின் நுனி பட்டாலும் அப்படித்தான். எங்கள் களத்தில் எழும் சச்சரவுகளில் பாதி இந்த ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்றால் மிகையாகாது.

விதியின் சாரம் இதுதான்: பந்தை முன்களத்துக்குக் கொண்டுவந்து தன் வசம் வைத்திருக்கும் அணி, அதை மீண்டும் தன் பின்களத்துக்குத் திருப்பிக்கொண்டு போகக் கூடாது. ஏன் போகக் கூடாது? முன்னும் பின்னும் ஓடினால் ஆட்டம் இன்னும் சுவையாகத்தானே இருக்கும்? எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. விடை காண வேண்டுமானால் சிறிது பழங்கதை பேச வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காகக் கூடத்துக்குள் ஆடும்படி அமைத்த ஆட்டம் அது. பீச் பழக் கூடைகள் இரண்டு, கால்பந்து ஒன்று, விதிகள் 13. அந்தப் பதின்மூன்றில் நடுக்கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. களம் முழுவதும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

நாளடைவில் ஒரு தந்திரம் தலைதூக்கிற்று. சில புள்ளிகள் முந்திவிட்ட அணி, கூடைப் பக்கமே போகாமல், களம் முழுவதும் பந்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக் காலத்தைக் கடத்தத் தொடங்கியது. துரத்துபவர்கள் ஐந்தே பேர். இன்றைய அளவில் கணக்கிட்டால் 420 சதுர மீட்டர் தரை! ஐந்து பேர் அவ்வளவு இடத்தையும் காத்து நிற்க எப்படி முடியும்? பார்க்க வந்தவர்களுக்குக் கொட்டாவிதான் மிச்சம். எனவே 1932-33 ஆட்டப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் நடுக்கோட்டைப் போட்டு, பத்து விநாடிக்குள் பந்து அதைத் தாண்ட வேண்டும் என்று விதித்தார்கள். தாண்டிய பந்து திரும்பக் கூடாது என்பது அந்த விதியின் உடன்பிறப்பு. அது இல்லாவிட்டால் ஒரு முறை தாண்டிவிட்டு மறுபடி பின்னால் போய் அதே தந்திரத்தை ஆடலாம் அல்லவா? இப்போது பந்து தாண்டியபின் காக்கும் அணி 210 சதுர மீட்டரைக் காத்தால் போதும். வலிமை குறைந்த அணிக்கும் பந்தைப் பறிக்க ஒரு வழி பிறந்தது. ஆகவே பந்தைத் துரத்துகிறவர்களுக்கு நியாயம் செய்யவே இந்தக் கோடு வந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் பல எளிதில் விளங்கும்.

இங்கே பெண்களின் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆண்களுக்கு நடுக்கோடு வருவதற்கு வெகுகாலம் முன்னரே பெண்களுக்குக் கோடு போட்டாகிவிட்டது! அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் கல்லூரி என்னும் பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன், நெய்ஸ்மித்தின் ஆட்டத்தைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். ஆனால் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துவிட்டார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதியில் கால் வைக்கக் கூடாது. அதிகம் ஓடினால் பெண்கள் களைத்துவிடுவார்கள் என்பது அந்தக் காலத்து எண்ணம். பிற்காலத்தில் மூன்று பகுதி இரண்டாகி, அணிக்கு ஆறு பேர் என்றாயிற்று. மூவர் பந்தைப் போட, மூவர் காக்க. ஆட்டம் முடியும்வரை யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஐயோவா மாநிலத்துப் பள்ளிப் பெண்கள் 1993 வரை இப்படி ஆடினார்கள் என்று அறிந்தபோது எங்களால் நம்பவே முடியவில்லை. பந்துக்குப் போட வேண்டிய தடையை ஆளுக்கே போட்டிருக்கிறார்களே! வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டில் கல்லூரிப் பெண்களின் ஆட்டத்தில் பத்து விநாடி விதி 2013-14 பருவத்தில்தான் நுழைந்தது. அதுவரை பந்தைப் பின்களத்தில் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அந்த விதியின்படி கேட்பாரில்லை.

விநாடியைப் பற்றிப் பேசும்போது நம் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பள்ளி நாள்களில் ஆடிய அம்மாமார் பலர் “பத்து விநாடி, பத்து விநாடி” என்று வேலியோரத்திலிருந்து குரல் கொடுக்கிறார்கள். அவர்கள் படித்த காலத்துக்கு அது சரிதான். பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2000-ஆம் ஆண்டில் அதை எட்டாகக் குறைத்தது. கூடையை நோக்கிப் பந்தை எறிய இருந்த 30 விநாடியும் அப்போதுதான் 24 ஆயிற்று. நம் நாட்டுப் பள்ளிப் போட்டிகளும் அந்தப் பன்னாட்டு விதிகளைத் தழுவியே நடப்பதால், இப்போது கணக்கு எட்டு.

இனி நடுவரின் பாட்டுக்கு வருவோம். பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் வருகிறது. விசில் வாய்க்குப் போகுமுன் நடுவர் தம் மனத்துக்குள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்து அந்த அணியின் வசத்தில் இருந்ததா? முன்களத்தில் வைத்து அவர்கள் வசம் இருந்ததா? முன்களத்தில் கடைசியாகப் பந்தைத் தொட்டவள் அந்த அணியைச் சேர்ந்தவளா? பின்னால் வந்த பந்தை முதலில் தொட்டவளும் அதே அணியைச் சேர்ந்தவளா? நான்குக்கும் ‘ஆம்’ என்றால்தான் விதிமீறல். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் ஆட்டம் தொடர வேண்டும். இத்தனையும் ஒரு விநாடிக்குள் நடக்க வேண்டும் என்பதை வேலியோரத்து நண்பர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

புதிதாக விசில் பிடிப்பவர்கள் நான்காவது கேள்வியை மறந்துவிடுகிறார்கள். பந்து கோட்டைத் தாண்டி உருண்டதுமே ‘பீப்’ என்று ஊதிவிடுகிறார்கள். பந்து பின்களத்துக்குப் போவது மட்டும் குற்றமன்று. அதே அணியைச் சேர்ந்தவள் அதைத் தொடும்போதுதான் குற்றம் முழுமையாகிறது. பச்சை அணி தவறவிட்ட பந்து உருண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீல அணிப் பெண் ஒருத்தி அதை எடுத்தால் எதிரே வெற்றுக் களம், தடுக்க ஆளில்லை, இரண்டு புள்ளி நிச்சயம். அவசரப்பட்டு ஊதிய நடுவர் அந்த இரண்டு புள்ளியைக் கெடுத்துவிட்டு, அதற்கு ஈடாக நீல அணிக்கு ஓரத்திலிருந்து ஒரு ‘த்ரோ-இன்’ கொடுக்கிறார். தவறு செய்தது பச்சை அணி. நட்டம் நீல அணிக்கு! ஆகையால் பந்தை யார் தொடுகிறார்கள் என்று பார்க்கும்வரை விசில் பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியும் எளிதன்று. முன்களத்துக்குப் பந்து ‘வந்துவிட்டது’ என்று எப்போது சொல்வது? பந்தைக் கையில் பிடித்திருப்பவளுக்கு இரண்டு பாதங்களும் முழுமையாக முன்களத் தரையில் இருக்க வேண்டும். ஒரு கால் முன்னே, ஒரு கால் கோட்டின்மேல் அல்லது பின்னே என்றால் அவள் இன்னும் பின்களத்தில்தான் இருக்கிறாள். பந்தைத் தட்டிக்கொண்டு பின்களத்திலிருந்து ஓடி வருபவளுக்கு மூன்று பொருள்கள் தாண்ட வேண்டும்: வலக்கால், இடக்கால், பந்து. கால்கள் இரண்டும் தாண்டியிருக்கலாம். பந்து இன்னும் கோட்டுக்குப் பின்னே தரையில் பட்டுக்கொண்டிருந்தால் அவள் முன்களத்துக்கு வரவில்லை. அந்த நிலையில் எதிரியைக் கண்டு பயந்து பின்வாங்கினாலும் குற்றமில்லை. ஆனால் எட்டு விநாடிக் கணக்கு அவளுக்காக நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்கும் பெண்ணிடம் பின்களத்துத் தோழி பந்தை அனுப்புகிறாள். அவள் உடனே அதைத் திருப்பி அனுப்புகிறாள். பார்ப்பவர்கள் “பேக் கோர்ட்!” என்று கத்துவார்கள். குற்றமே இல்லை. அந்தப் பந்து முன்களத்தையே காணவில்லை.

மூன்றாவது கேள்விதான் சென்ற பருவத்தில் எங்கள் பள்ளியை இரண்டுபடுத்திய கேள்வி. இல்லங்களுக்கிடையே நடந்த இறுதிப் போட்டியில் பச்சை இல்லமும் நீல இல்லமும் மோதின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. பச்சை இல்லத்துப் பெண் முன்களத்தில் நின்று தன் தோழிக்குப் பந்தை அனுப்பினாள். நடுவில் பாய்ந்த நீல இல்லத்துப் பெண்ணின் கையருகே சென்ற பந்து திசை மாறி நடுக்கோட்டைத் தாண்டி உருண்டது. பச்சை இல்லத்துப் பெண் ஓடிப்போய் அதை எடுத்து, மீண்டும் முன்னேறி, கூடையில் போட்டுவிட்டாள். விசில் ஒலிக்கவில்லை. நீல இல்லத்தார் எழுப்பிய கூச்சலில் மரத்துக் காகங்கள்கூடப் பறந்துவிட்டன. நடுவராக நின்றவள் எங்களில் ஒருத்தி. மாணவி ஒருத்தியின் தந்தை படிக்கட்டிலிருந்து இறங்கிவந்து, “என்னம்மா, பந்து திரும்பி வந்தது கண்ணுக்குத் தெரியலையா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. நடுவர் பார்வையாளருடன் வாதம் செய்யக் கூடாது என்பது எங்கள் ஆசிரியையின் கட்டளை.

பச்சை இல்லம் கோப்பையை வாங்கிற்று. மறுநாள் காலை நீல இல்லத்துப் பெண்கள் பத்துப் பேர் தலைமையாசிரியை சிஸ்டரின் அறை வாசலில் நின்றார்கள். சிலர் அழுதிருந்தார்கள். முந்தின நாள்வரை ஒரே டப்பாவில் சாப்பிட்ட தோழியர் இருவர் அன்று தனித்தனி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டதை நாங்களே பார்த்தோம். சிஸ்டர் இரு தரப்பையும் அழைத்தார். நடுவராக நின்றவளையும் அழைத்தார். “டீச்சர், விதிப் புத்தகத்தைக் கொண்டு வாங்க. இந்தப் பிள்ளைங்களே படிக்கட்டும்” என்றார். நீல இல்லத்துத் தலைவி படித்தாள். முன்களத்தில் பந்தைக் கடைசியாகத் தொட்டவர் எதிரணியினர் என்றால் குற்றமில்லை என்பது அவள் வாயாலேயே வந்தது. படித்து முடித்தவள், “ஆனா சிஸ்டர், எங்க பொண்ணு கை படவே இல்லையே!” என்றாள்.

இனி எந்தப் புத்தகத்தைப் புரட்டி என்ன பயன்? கை பட்டதா, படவில்லையா என்பது விதியில் எழுதியிருக்காது. நடுவர் பட்டது என்கிறாள். இவர்கள் படவில்லை என்கிறார்கள். சிஸ்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பந்துக்குப் பாய்ந்த பெண் ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள். கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் மெல்லிய குரலில், “பட்டுச்சு சிஸ்டர். நடுவிரல்ல பட்டுச்சு” என்றாள். அவ்வளவுதான். அவளுடைய இல்லத்தார் இரண்டு நாள் அவளுடன் பேசவில்லை, பிறகு பேசினார்கள். இப்போது கீழ் வகுப்புப் போட்டிகளுக்கு அவளை விசில் பிடிக்க அழைக்கலாம் என்று உடற்பயிற்சி ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

இதே நிகழ்ச்சி அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நடந்திருந்தால்? அங்கே விதிப் புத்தகம் தனி. அவர்களுக்குப் பத்து விநாடி இன்னும் பத்துதான். உருண்டு பின்களத் தரையைத் தொட்டுவிட்ட பந்தை எடுத்தால் அங்கும் குற்றமில்லை. ஆனால் எதிரியின் விரல் பட்ட பந்து தரையில் விழாமல் காற்றிலேயே பறந்துவர, பின்களத்தில் நிற்பவள் அதைப் பிடித்துவிட்டால்? பந்து பின்களத் தரையையோ அங்கே நிற்பவரையோ தொடும்வரை அது முன்களத்துப் பந்தே. அவள் பிடித்த அந்தக் கணத்தில் முன்களப் பந்தைக் கடைசியாகத் தொட்டவளும் அவளே, பின்களப் பந்தை முதலில் தொட்டவளும் அவளே. ஆகவே குற்றம் என்று அவர்கள் பொருள் கொண்டார்கள்! ஒரே தொடுதலை இரண்டாக எண்ணிய இந்தத் தர்க்கத்தை அங்குள்ள நடுவர்களிலேயே பலர் ஏற்கவில்லை. கடைசியில் 2018-19 பருவத்திலிருந்து, காக்கும் அணி தட்டிவிட்ட பந்தைப் பின்களத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விலக்குச் சேர்த்தார்கள். எங்களுக்கு இது மிகவும் நியாயமாகத் தோன்றுகிறது. காலத்தைக் கடத்தப் பின்னால் ஓடுகிறவர்களைத் தடுக்கத்தானே விதி? எதிரி தட்டிவிட்டதற்கு இவர்களைத் தண்டிப்பானேன்?

இரண்டு புத்தகங்களும் இன்றும் முரண்படும் இடம் ஒன்று உண்டு. கோட்டுக்கு அருகே, இருவருமே பின்களத்தில் நிற்கும் தோழியர் இருவர். ஒருத்தி பந்தைத் தரையில் மோதவிட்டு மற்றவளுக்கு அனுப்புகிறாள். பந்து மோதிய இடம் கோட்டுக்கு அப்பால், முன்களத்தில். அமெரிக்கப் பள்ளி விதிப்படி இது குற்றம். நமது பன்னாட்டு விதிப்படி குற்றமன்று. ஏனெனில் அந்த அணியில் எவளும் முன்களத்தில் நின்று பந்தை வைத்திருக்கவில்லை. அதோடு பந்து முன்களத்தைத் தொட்டதும் பழைய எட்டு விநாடி முடிந்து, பின்களத்தில் அடுத்தவள் தொட்டதும் புதிய எட்டு விநாடி தொடங்கும். இதைக் கேட்ட எங்கள் தோழி ஒருத்தி, இப்படியே ஆயுள் முழுவதும் ஆடலாமே என்று கண்களை அகல விரித்தாள். முடியாது, 24 விநாடிக் கடிகாரம் ஒன்று மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

காற்றில் இருப்பவளின் கணக்கு விசித்திரமானது. தரையில் கால் படாமல் இருப்பவள் எங்கே இருக்கிறாள்? கடைசியாக எந்தத் தரையை மிதித்து எழும்பினாளோ அங்கேயே இருக்கிறாள் என்பது விதி. ஆகவே முன்களத்திலிருந்து எம்பித் தன் தோழி அனுப்பிய பந்தைக் காற்றில் பிடித்து, பின்களத்தில் இறங்கினால் அது குற்றம். ஆனால் எதிரணி அனுப்பும் பந்தை அப்படி எம்பிப் பறித்தவளுக்கு விலக்கு உண்டு. அவள் காற்றில் இருக்கும்போதுதான் பந்து முதன்முதலாக அவளுடைய அணியின் வசம் வருகிறது. அவள் எங்கே இறங்கினாலும் சரிதான். ஆட்டத் தொடக்கத்தில் ‘ஜம்ப் பால்’ தட்டப்படும்போதும் இதே சலுகை. தன் அணியின் த்ரோ-இன் பந்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. வெளியே நின்று பந்தை வைத்திருப்பவளே அணியின் வசத்தைத் தொடங்கிவிட்டாள். எங்கள் பள்ளியின் நல்ல ஆட்டக்காரிகளே இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

கூடையை நோக்கி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து நெடுந்தூரம் பின்னால் ஓடினால்? எறிந்தவள் கையைவிட்டுப் பந்து அகன்றதுமே அணியின் வசம் முடிந்துவிட்டது. முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்று விடை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நடுவர்மேல் பந்து பட்டால் என்ன ஆகும் என்று கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஆவலுடன் கேட்கிறார்கள். ஒன்றும் ஆகாது, நடுவர் நிற்கும் இடத்துத் தரையில் பந்து பட்டதாகவே கொள்ள வேண்டும். விதிப் புத்தகத்தின் பார்வையில் நாங்களும் தரையும் ஒன்றுதான்!

இவ்வளவையும் பார்க்க வேண்டியவர் யார்? இரண்டு நடுவர் நிற்கும் ஆட்டத்தில் ஒருவர் முன்னே ஓடி முடிவுக்கோட்டருகே நிற்பார். மற்றவர் பந்துக்குப் பின்னால் வருவார். நடுக்கோடு பின்னால் வருபவரின் பொறுப்பு. அவர் பந்தைப் பார்த்தால் கால் தெரியாது. காலைப் பார்த்தால் விரல் தெரியாது. எனவே கோட்டுக்கு நெருங்கிய ஆட்டத்தில் முதலில் காலைப் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டு, பிறகு பந்துக்குக் கண்ணை உயர்த்த வேண்டும் என்று எங்கள் ஆசிரியை பழக்கினார். இதற்காக ஒரு மாலை முழுவதும் நாங்கள் பந்தே இல்லாமல், தோழியர் கோட்டைத் தாண்டித் தாண்டி நடப்பதைப் பார்த்து “முன், பின், பின், முன்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவ்வழியே போன சமையற்கார அம்மா, பிள்ளைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணியிருக்க வேண்டும்.

விதிமீறல் என்று உறுதியானால் விசிலை ஊதிக் கையை விரித்து உயர்த்தி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, கையை உடலுக்கு முன்னே இப்புறமும் அப்புறமும் அசைக்க வேண்டும். அதுவே பந்து திரும்பிவிட்டது என்பதற்கான சைகை. எட்டு விநாடி கடந்த குற்றத்துக்கு எட்டு விரலைக் காட்ட வேண்டும். இரண்டையும் குழப்பினால் மேசையில் எழுதுபவர் தவித்துப்போவார். பிறகு பந்து எதிரணிக்கு. எங்கிருந்து? கீழ் வகுப்புப் பிள்ளைகள் எப்போதும் நடுக்கோட்டு முனைக்கே ஓடுகிறார்கள். அது சரியன்று. குற்றம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகில், பந்தைப் பெறும் அணியின் முன்களத்தில், கோட்டுக்கு வெளியே நின்று எறிய வேண்டும். கூடைப் பலகைக்கு நேர் பின்னால் மட்டும் நிற்கக் கூடாது. பின்களத்தின் கோடிவரை உருண்டு போன பந்தை அங்கே தொட்டிருந்தால், எதிரணிக்கு அது கூடைக்கு எத்தனை அருகில் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பந்து கைக்கு வந்ததும் அவளுக்கு ஐந்து விநாடி. நடுவர் கையை வீசி எண்ணத் தொடங்கியிருப்பார்.